மேலே வந்த உருண்டைகள்

தங்கை பையிலிருந்து ஓர் உருண்டையை எடுத்துத் தண்ணீர்த் தம்ளரில் போட்டாள். அது மிதந்தது.

"இதான் என் ஜல்லி."

அக்கா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தாள். கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரியது. செங்கல் நிறம். விரலால் அமுக்கினாள். அடிவரை போய், விட்டதும் மேலே வந்தது.

"ஜல்லின்னா அடியில போய் உக்காரணும்டி."

"இது உக்காராது."

"இத வச்சு ஸ்லாப் போடப் போறியா, படகு கட்டப் போறியா?"

"முதல்ல ஸ்லாப். படகு யாராவது கேட்டா பாக்கலாம்."

அக்கா இன்னோர் உருண்டையை எடுத்துக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினாள். நொறுங்கியது. உள்ளே கறுப்பாக, ரொட்டித் துண்டுபோலத் துளை துளையாக இருந்தது.

"ஒரு கதவுக்கே தாங்கல."

"எல்லாத்தையும் ஒடச்சுப் பாக்கறதே உனக்குப் பொழப்பு."

உண்மைதான். அக்காவுக்கு உடைப்பதுதான் வேலை. எங்கே கட்டடம் எழும்பினாலும், போடுகிற கான்கிரீட்டில் கொஞ்சத்தை இரும்பு அச்சில் வார்த்துப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ப்பார்கள். கியூப் என்று பெயர். நான்கு வாரம் தண்ணீரில் கிடந்த பிறகு அவள் அதை இயந்திரத்தில் வைத்து அழுத்துவாள். எந்தச் சுமையில் உடைகிறதோ அதுதான் அந்தக் கட்டடம் வாங்கிய மார்க்கு. மார்க்குப் போடுவதில் அவள் கறார்.

தங்கை இதுவரை அடுத்தவர்களிடம் சைட் என்ஜினியராக இருந்தாள். இப்போதுதான் சொந்தமாக ஒரு வேலையை ஒப்புக்கொண்டிருக்கிறாள். வேலையைக் கொடுத்தவர் ஒரு பல் டாக்டர். அவருடைய கிளினிக் பழைய கட்டடம். இற்றுப்போன மரக்கூரையை எடுத்துவிட்டு ஸ்லாப் போட்டு, அதன்மேல் ஓர் அறை கட்டிக் குடிவர வேண்டும் அவருக்கு. ஆனால் சுவர்கள் மெல்லியவை. வழக்கமான கான்கிரீட்டை அவை தாங்காது என்று வரைபடம் போட்ட என்ஜினியர் சொல்லிவிட்டார். எடையில் கால் பங்கு குறைந்தால் தாங்கும். அதற்குத்தான் கருங்கல் ஜல்லிக்குப் பதில் இந்த உருண்டை.

"இத எப்படிப் பண்றாங்க?" என்றாள் அக்கா.

"களிமண்ண உருட்டிச் சூளைக்குள்ள விட்டுச் சுத்திக்கிட்டே சுடுவாங்க. உள்ள வாயு கிளம்பும். வெளிய ஓடு இறுகிடும். சோளப்பொரி மாதிரி உப்பிக்கும்."

"சோளப்பொரிமேல டாக்டர் குடியிருக்கப் போறாரு."

"சிமென்ட் பால் சுத்திப் பிடிச்சா பலம் வந்துடும். இதுல பாலமே கட்டியிருக்காங்க, தெரியுமா? ஊற வச்சுத்தான் போடணும். இல்லன்னா கலவையில இருக்கிற தண்ணிய இது குடிச்சிடும். ஊறினது அப்புறம் சிமென்ட்டுக்கு உள்ளேருந்தே கொஞ்சம் கொஞ்சமா திருப்பிக் கொடுக்கும்."

"திருப்பிக் கொடுக்குமா? அப்ப உன்ன மாதிரி இல்ல. என் நீலத் துப்பட்டா எங்க?"

தங்கை தம்ளரை எடுத்துக் கொட்டப் போனாள். அக்கா தடுத்தாள். "இருக்கட்டும். எப்ப முழுகுதுன்னு பாக்கறேன்."

தம்ளர் ஜன்னல் விளிம்பில் இருந்தது.

ஸ்லாப் போட்ட அன்று அக்கா காலையிலேயே அச்சுகளுடன் போனாள். கூடவே அதிர்வு மேசையும். அச்சில் கான்கிரீட்டை நிரப்பி அதன்மேல் வைத்து மின்சாரத்தைப் போட்டால் மேசை நடுங்கும். உள்ளே சிக்கிய காற்று குமிழியாக வெளியேறும். காற்று போனால் பலம். குமிழி நின்றதும் நிறுத்திவிட வேண்டும்.

கலவை மிஷின் தெருவில் நின்றது. பக்கெட்டுகள் கயிற்றில் மேலே போயின. தங்கை மேலே நின்றாள். கீழேயிருந்து அவளுடைய தொப்பி மட்டும் தெரிந்தது.

அக்கா மிஷினிலிருந்து ஒரு தள்ளுவண்டிக் கலவையைப் பிடித்தாள். ஆறு கியூபுக்கு ஏழு அச்சு நிரப்பினாள். எப்போதும் ஒன்று கூடுதலாகப் போட்டு வைப்பாள். மேசையை ஓடவிட்டாள். குமிழிகள் வந்தன. நின்றன. கை சுவிட்சுக்குப் போனது. போன இடத்திலேயே நின்றது. தங்கையின் முதல் வேலை. ஒரு குமிழிகூட உள்ளே தங்கக் கூடாது. இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்று விட்டாள். வேறு யாருக்கும் அவள் இப்படி விட்டதில்லை.

உருண்டைகள் ஒவ்வொன்றாக மேலே வந்து ஆமை முதுகுபோல எட்டிப் பார்த்தன. அவள் கரண்டியால் அவற்றை உள்ளே அமுக்கி, மேற்பரப்பை இழுத்துப் பூசினாள். பார்க்க வழவழப்பாக இருந்தது.

மேலே தங்கை கத்துவது கேட்டது. "போதும், போதும், எடு! வெளிய எடு!"

ஆட்களோடு சண்டை போல என்று அக்கா நினைத்தாள். முதல் வேலையிலேயே வாய் நீளுகிறது.

ஒரு வாரக் கணக்கில் மூன்று கியூப் உடைத்தார்கள். குறைவாக வந்தது. புதுப் பொருள், பலம் மெதுவாக ஏறும் என்று கூடத்தில் பேசிக்கொண்டார்கள். அக்காவும் அப்படியே நம்பினாள்.

கிளினிக்கை அதற்குமேல் மூடிவைக்க டாக்டருக்கு மனமில்லை. ஸ்லாபின் பலகைகளைத் தாங்கி அறை முழுக்க முட்டுக் கம்புகள் நின்றன. அவர் தன் நாற்காலியை அவற்றின் நடுவே திருப்பிப் போட்டுக்கொண்டார். நோயாளிகள் உடம்பைச் சாய்த்துச் சாய்த்து உள்ளே வந்தார்கள். அவருடைய வெள்ளைக் கோட்டு ஒரு முட்டுக் கம்பின் ஆணியில் தொங்கியது. நான்கு வாரக் கியூப் தேறினால் முட்டுகளைப் பிரிக்கலாம்.

தேறவில்லை.

மார்க்கு இருபத்தைந்து வேண்டும். முதல் கியூப் பதினைந்தில் சத்தத்தோடு உடைந்தது. அடுத்தது பதினான்கு. மூன்றாவதும் பதினைந்து. அக்கா இயந்திரத்தின் முள்ளைத் தட்டிப் பார்த்தாள். பக்கத்துக் கட்டடத்தின் சாதாரணக் கியூப் ஒன்றை வைத்து அழுத்தினாள். இயந்திரத்தில் கோளாறு இல்லை.

உடைந்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்தாள். லேசாக இருந்தது. கருங்கல் கான்கிரீட்டில் விரிசல் ஜல்லியைச் சுற்றிக்கொண்டு போகும். இதில் உருண்டைகளையே பிளந்துகொண்டு நேராகப் போயிருந்தது. ஒவ்வோர் உருண்டையும் பாதியாக, கறுப்பு வயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு இன்னொரு துண்டை எடுத்தாள். அதில் உருண்டையே இல்லை. வெறும் சாம்பல் நிறக் காரை. கனத்தது.

ஒரே கியூபின் இரண்டு துண்டுகள்.

கூடுதலாகப் போட்ட ஏழாவது கியூப் இன்னும் தொட்டியில் கிடந்தது. அதை எடுத்துக் கல் அறுக்கும் மிஷினில் மேலிருந்து கீழாக அறுத்தாள். இரண்டு பாதிகளையும் தண்ணீர் விட்டுக் கழுவி மேசையில் வைத்தாள்.

உருண்டைகள் எல்லாம் மேல் பாதியில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இருந்தன. கீழ்ப் பாதியில் நாலைந்துதான்.

அவளுக்கு ஜன்னல் விளிம்புத் தம்ளர் நினைவுக்கு வந்தது. அமுக்கினால் போகும். விட்டால் வரும். கருங்கல் ஜல்லியை எவ்வளவு குலுக்கினாலும் அடியில்தான் உட்காரும். இதைக் குலுக்கினால் மேலே வரும். குலுக்கக் குலுக்க வந்துகொண்டே இருக்கும். தங்கைக்கென்று ஆசையாகக் கூடுதலாகக் குலுக்கியது அவள் கை.

கூடத்தின் மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, கேக் வெட்டுறீங்களா?"

"சார், கியூப்ல உருண்டை மேல மிதந்துடுச்சு. நான் மேசைய அதிகமா ஓட விட்டுட்டேன்."

"சரி. மார்க்கு?"

"பதினஞ்சு."

"அப்ப ஃபெயில்."

"ஃபெயில்தான் சார். ஆனா ஃபெயில் ஆனது நான் போட்ட கியூப். அவ போட்ட ஸ்லாப் என்னன்னு நமக்குத் தெரியாது."

"நல்லா இருக்கும்னு சொல்றீங்களா?"

"தெரியாதுன்னு சொல்றேன். அங்கயும் வைப்ரேட்டர் வச்சுத்தான் குலுக்கியிருப்பாங்க. இதே மாதிரி மிதந்திருந்தா ஒடச்சுத்தான் எடுக்கணும்."

மேனேஜர் அறுத்த கியூபை விரலால் தடவினார். அவருக்கும் அது புதிதாக இருந்தது.

"ஸ்லாப்லேருந்தே துளை போட்டு உருளை உருளையா கோர் எடுங்க. மூணு. எங்க எடுக்கறதுன்னு நீங்க பாருங்க. ஆனா ஒடைக்கிறது நான். தங்கச்சி வேலைல அக்கா மார்க்குப் போடக் கூடாது."

வீட்டில் தங்கை அறுத்த பாதியை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"எவ்ளோ நேரம் ஓட்டின?"

"வழக்கமா ஓட்டறதுக்கு ரெண்டு மடங்கு இருக்கும்."

"ஏன்?"

"உனக்குன்னுதான்."

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். பிறகு கோபமும் வந்தது.

"ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் ஒழுங்கா போடுவ. எனக்கு மட்டும் பாசத்தக் கொட்டிக் கெடுப்ப. சின்ன வயசுல என் ஜடையத் திரும்பத் திரும்ப இழுத்து இழுத்துப் பின்னுவியே, அதே கை."

"சரிடி, கைய வெட்டிக்கவா? ஸ்லாப்ல எப்படிக் குலுக்கின, அதச் சொல்லு."

"என்னச் சந்தேகப்படுறியா?"

"ஆமா."

தங்கை நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"மொதல்ல ஆளுங்க வழக்கம்போல ஊசி வைப்ரேட்டர உள்ள விட்டாங்க. கொஞ்ச நேரத்துல உருண்டை பொலபொலன்னு மேல வர ஆரம்பிச்சுது. எனக்குப் பயமாப் போச்சு. எடுன்னு கத்தினேன். அதுக்கப்புறம் தொட்டுத் தொட்டு எடுக்கச் சொன்னேன். பாதி இடத்துல கம்பியால குத்தித்தான் உள்ள இறக்கினோம்."

"கத்தினது எனக்குக் கேட்டுச்சு. சண்டைன்னு நெனச்சேன்."

"கீழ நிக்கற உனக்கும் சொல்லியிருக்கணும். நீதான் எல்லாம் தெரிஞ்சவளாச்சே."

"முதல்ல விட்டாங்களே, அது எந்த இடம்?"

தங்கை மேசைமேல் கிடந்த கியூபைத் திருப்பி வைத்தாள். மேல் பக்கம் கீழே போனது.

"தேறலன்னா மொத்தத்தையும் இடிக்கணும், இல்ல?" என்றாள்.

"ஆமா."

"இடிக்கிற அதிர்ச்சிய அந்தச் சுவர் தாங்குமான்னே தெரியாது. டாக்டரு இருந்த கூரையையும் எடுத்துட்டு நிக்கறாரு. அதுக்கப்புறம் யாரும் என்ன நம்பி ஒரு திண்டுகூடக் கட்டச் சொல்ல மாட்டாங்க."

"தெரியும்."

"கோர் எங்க எடுக்கறதுன்னு நீதான் முடிவு பண்ணுவியா?"

"நான்தான்."

"நடுவுல எடுத்தா தேறிடும்க்கா. நடுவுல கான்கிரீட் போடறப்ப நானே பக்கத்துல நின்னேன்."

அக்கா தொட்டிப் பக்கம் திரும்பினாள். கரண்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். தங்கைக்கு அந்த முதுகைத் தெரியும். எந்த இடம் என்று கேட்ட கேள்வி அங்கேயே இருக்கும். போகாது.

"போதுமே, உன் மௌனம்" என்றாள் தங்கை. எழுந்து தன் அறைக்குப் போனாள்.

மறுநாள் அக்கா துளை போடும் ஆளோடு கிளினிக்குக்குப் போனபோது தங்கை முன்னாலேயே வந்து ஸ்லாபின் மேல் நின்றுகொண்டிருந்தாள். கையில் சுண்ணாம்புக் கட்டி. தெருப்பக்க மூலையில் ஒரு வட்டம் போட்டிருந்தது. உள்ளே கம்பி ஓடாத இடமாகப் பார்த்துப் போட்டிருந்தாள்.

"இங்கதான் ஆரம்பிச்சோம்" என்றாள். "இன்னும் ரெண்டு நீ போட்டுக்கோ."

அக்கா நடுவில் ஒன்று போட்டாள். படிக்கட்டுப் பக்கம் ஒன்று.

டாக்டர் கையுறையைக் கழற்றாமலே மேலே வந்துவிட்டார். கீழே நாற்காலியில் ஒருவர் வாயில் பஞ்சோடு இருந்தார்.

"ஒரு ஓட்டன்னீங்க. இப்ப மூணு வட்டம் இருக்கு."

"மூணுக்குக் குறைஞ்சா செல்லாது டாக்டர்" என்றாள் அக்கா.

"எங்கிட்ட வர்றவங்ககிட்ட நானும் இப்படித்தான் சொல்லுவேன். ஒண்ணுன்னு உக்கார வச்சு மூணா முடிப்பேன்." துளை மிஷினின் வைரப் பல் வைத்த குழாயை நெருங்கிப் பார்த்தார். "நம்ம சாமான்தான். சைஸ்தான் கொஞ்சம் அதிகம். வலிக்காதே?"

"எனக்கு வலிக்கும்" என்றாள் தங்கை.

தண்ணீர் விட்டுக்கொண்டே துளை போட்டார்கள். சாம்பல் குழம்பு வழிந்தது. மூலையிலிருந்து எடுத்த உருளையை அக்கா இரண்டு கையாலும் வாங்கிப் பக்கெட்டில் முக்கிக் கழுவினாள். தங்கை பார்க்கவில்லை. தெருவைப் பார்த்தாள். டாக்டர்தான் குனிந்து பார்த்தார்.

"மேல நெருக்கமா இருக்கே. ஈறு வீங்கின மாதிரி."

மேலே இரண்டு விரற்கடைக்கு உருண்டைகள் கூட்டமாக இருந்தன. அதற்குக் கீழே கலைந்து கலைந்து, ஆனால் அடிவரை இருந்தன. அக்கா அதைத் தங்கையின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாருடி. கண்ணத் தொறந்து பாரு. என் கியூப் மாதிரி இல்ல."

"நல்லாவா இருக்கு?"

"நல்லா இல்ல. மோசமும் இல்ல."

நடுவிலிருந்து வந்ததில் உருண்டைகள் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகப் பரவியிருந்தன. படிக்கட்டுப் பக்கத்ததும் அப்படியே. அக்கா அந்த இரண்டையும் திரும்பத் திரும்ப உருட்டிப் பார்த்தாள். வெளியே போகத் துடிக்கிற அத்தனை உருண்டைகளையும் சிமென்ட் இருந்த இடத்திலேயே பிடித்து வைத்திருந்தது. எப்படி வெறும் கம்பிக் குத்திலேயே இவ்வளவு ஒழுங்காக நின்றது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. தங்கையிடம் கேட்டாள். கம்பியை எவ்வளவு ஆழம் விட்டாய், எத்தனை பேர் குத்தினார்கள், கலவையில் தண்ணீர் எவ்வளவு. தங்கை முதலில் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். பிறகு கையால் குத்திக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தாள்.

கீழே பஞ்சு வாய்க்காரர் ஏதோ குரல் கொடுத்தார். டாக்டர் ஓடினார்.

கோர்களின் முனைகளைச் சமப்படுத்தி மேனேஜர் உடைத்தார். அக்கா அறைக்கு வெளியே நின்றாள். இத்தனை காலம் உள்ளே நின்றவளுக்கு வெளியே நிற்பவர்களின் பாடு அன்றுதான் தெரிந்தது. மூன்று முறை சத்தம் கேட்டது. சத்தத்தை வைத்து மார்க்கு சொல்ல முடியவில்லை.

மேனேஜர் கதவைத் திறந்தார்.

"நடு இருபத்தெட்டு. படிக்கட்டு இருபத்தாறு."

"மூலை?"

"இருபது."

அக்கா மனத்துக்குள் கணக்குப் போட்டாள். கோரில் ஒவ்வொன்றும் தேவையில் முக்கால் பங்குக்குக் குறையக் கூடாது. முக்கால் என்றால் பத்தொன்பதுக்குக் கொஞ்சம் கீழே. இருபது அதைத் தாண்டிவிட்டது. மூன்றின் சராசரி தேவையில் எண்பத்தைந்து சதவீதம் இருந்தால் போதும், அதையும் தாண்டிவிட்டது.

"பாஸ்" என்றார் மேனேஜர். "மூலை மட்டும் நூலிழைல. அந்த மூலைல கனமா எதையும் வைக்க வேணாம்னு எழுதிடுவோம். கியூப் ஏன் ஃபெயில் ஆச்சுன்னும் எழுதணுமே?"

"எழுதுங்க சார். கியூப் போட்டது யாருன்னும் எழுதுங்க."

"அத எழுதாம விடுவேனா?"

முட்டுகளைப் பிரிக்கும் நாளில் அக்கா விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள். இந்த வகைக் கான்கிரீட் தேறினாலும் சாதாரணத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளையும் என்று படித்திருந்தாள். எவ்வளவு வளையும் என்று பார்க்க வேண்டும். ஸ்லாபுக்கு அடியில் சுவருக்குச் சுவர் ஒரு நூல் கட்ட வேண்டும். நல்ல நூலாக எதுவும் கையில் இல்லை. டாக்டர் பல்லிடுக்கு நூல் டப்பாவை எடுத்துக் கொடுத்தார்.

"புதினா வாசம் வரும். பரவால்லியா?"

பலகைகளின் இடைவெளியில் நூலை விறைப்பாக இழுத்துக் கட்டினாள். நூலுக்கும் ஸ்லாபுக்கும் நடுவே டாக்டரின் எக்ஸ்ரே ஃபிலிம்களைச் செருகிப் பார்த்தாள். ஐந்து போயின. ஆறாவது போகவில்லை.

ஆட்கள் நடுவிலிருந்து முட்டுகளைத் தட்ட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு கம்பு விழும்போதும் தங்கை மேலே பார்த்தாள். பலகைகள் இறங்கின. மழமழவென்று சாம்பல் நிறக் கூரை தெரிந்தது. அடைத்த மூன்று துளைகளும் புதுச் சிமென்ட் நிறத்தில் மூன்று வட்டங்களாக இருந்தன.

"என் அடைப்பு இத விட நேர்த்தியா இருக்கும்" என்றார் டாக்டர்.

கடைசியாக மூலை முட்டு நின்றது. அதில் அவருடைய கோட்டு தொங்கியது.

"இத மட்டும் விட்டுடுங்களேன். கோட்டு மாட்டிப் பழகிட்டேன்."

"இதத்தான் மொதல்ல எடுக்கணும்னு நெனச்சேன் டாக்டர். பயத்துல கடைசியாயிடுச்சு" என்றாள் தங்கை. கோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். சுத்தியை ஆளிடமிருந்து வாங்கித் தானே தட்டினாள். இரண்டாவது தட்டில் கம்பு சரிந்தது.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள்.

அக்கா ஏணியில் ஏறி ஃபிலிம்களைச் செருகினாள். இறங்கவில்லை. மறுபடி செருகினாள்.

"என்னக்கா? சொல்லித் தொலையேன்."

"நாலு போகுது."

"அப்டின்னா?"

"ஒரு ஃபிலிம் அளவுக்கு எறங்கியிருக்கு. அவ்ளோதான்."

தங்கை தரையில் கிடந்த பலகைமேல் உட்கார்ந்தாள். சுத்தி மடியில் இருந்தது.

அக்கா ஏணியிலேயே நின்றுகொண்டு நூலை விரலால் சுண்டினாள். "நாளைக்கும் வந்து செருகிப் பாக்கணும். அடுத்த வாரமும். மெதுவா இன்னும் எறங்குமாம், எவ்ளோன்னு தெரியல. டாக்டர், இந்த நூல அறுக்காதீங்க."

"நான் ஒரு பக்கம் பல்லப் பிடுங்க, நீங்க ஒரு பக்கம் ஏணில நிப்பீங்களா?"

"ஓரமாத்தான் நிப்பேன்."

"அடுத்த ஸ்லாப்புக்கும் கியூப் நீதான் போடணும்" என்றாள் தங்கை கீழேயிருந்து.

"போடறேன். இந்தத் தடவ மேல வந்து பாத்துட்டுப் போடறேன்."

"வா. அந்த நடுங்கற மேசைய மட்டும் கூடத்துலயே விட்டுட்டு வா."

அக்கா நான்காவது ஃபிலிமை மறுபடியும் செருகிக்கொண்டிருந்தாள்.